பெட்டைக் குணம்

எங்கள் ஊர்ப் பேச்சில் ‘பெட்டை’ என்றால் பெண்பிள்ளை. “பெட்டையள் பள்ளிக்கூடத்தால வந்திட்டுதுகளோ?” என்று அம்மம்மா படலையில் நின்று கேட்பா. அகராதியைத் திறந்தால் அது விலங்கிலும் பறவையிலும் பெண்ணைக் குறிக்கிற சொல்: பெட்டைக்கோழி, பெட்டைக்கழுதை, பெட்டைக்குதிரை. இரண்டு பொருளும் ஒரே சொல்லுக்குள் இருப்பதைப்பற்றி ஐம்பது வயது தாண்டும்வரை நான் யோசித்ததில்லை. யோசிக்க வைத்தது கிரின்ஸ்டெட்டில் ஒரு குதிரை.

கிரின்ஸ்டெட் யூலாந்தின் நடுப்பகுதியில், பில்லுண்ட் விமான நிலையத்துக்குக் கிட்ட இருக்கிற சிறு நகரம். என் கடைக்குட்டி அங்கே பிறந்து வளர்ந்தவள். அக்காமார் பரதநாட்டிய வகுப்புக்குப் போனார்கள். இவள் குதிரை லாயத்துக்குப் போனாள். டென்மார்க்கில் குதிரையோட்டம் பெரும்பாலும் பெண்பிள்ளைகளின் உலகம் என்பது இங்கே பிள்ளை வளர்த்தவர்களுக்குத் தெரியும். சொந்தக் குதிரை எங்கள் வருமானத்துக்குள் வராது. மாதக் கட்டணம் கட்டி, கிழமையில் மூன்று நாள் வேறொருவருடைய குதிரையைப் பராமரித்து ஓட்டுகிற ஒழுங்கு ஒன்று உண்டு. அப்படித்தான் பதினொரு வயதான ஒரு கபிலநிறப் பெட்டைக்குதிரை எங்கள் வீட்டுப் பேச்சுக்குள் வந்தது.

அதற்குக் குணம் சரியில்லை என்றார்கள். சேணப்பட்டியை இறுக்கும்போது காதுகளைப் பின்னால் மடித்துக் கடிக்க வரும். பின்னால் வேறு குதிரை வந்தால் உதைக்கும். வாலைச் சுழற்றும். சில நாள் கால் எடுத்து வைக்கவே மறுக்கும். உரிமையாளர் ஒரு நல்ல டெனிஷ் பெண்மணி. வேட்கைப் பருவத்தை அடக்கும் ஓமோன் மருந்தை ஒரு கோடை முழுவதும் கொடுத்துப் பார்த்தார். கொஞ்சம் அடங்கியதுபோல் இருந்தது. அந்த நம்பிக்கையில் இலையுதிர்காலத்தில் அதன் இரண்டு சூலகங்களையும் அறுவைச் சிகிச்சையால் எடுத்தார்கள். ஸ்கானில் சூலகங்கள் சாதாரணமாகத்தான் தெரிந்திருந்தன. ஆனாலும் குணத்துக்குக் காரணம் அவைதான் என்று எல்லாரும் நம்பினார்கள்.

மார்ச் மாதம் நான் லாயத்துக்குப் போனபோது அது காதை மடித்தபடியே நின்றது. உரிமையாளர் களைத்துப்போய்ச் சொன்னார்: கோடை முடிவதற்குள் மாற்றம் இல்லாவிட்டால் அதை வைத்திருக்க முடியாது. ஏறி ஓட்ட முடியாத, ஆளைக் கடிக்கிற குதிரையை இந்த நாட்டில் யாரும் வாங்க மாட்டார்கள். அந்த வசனத்தின் மிச்சத்தை அவர் சொல்லவில்லை. மகளுக்கு அது விளங்கிவிட்டது.

“அம்மா, அவ கோவக்காரி இல்லை. அவவுக்கு எங்கயோ நோகுது” என்றாள். அன்றிரவு நான் வாசிக்கத் தொடங்கினேன். ஒரு குதிரையின் சூலகத்தில் தொடங்கிய வாசிப்பு, நான் பல வருடமாக ரெயினில் கடந்துபோன ஒரு தீவில் என்னைக் கொண்டுபோய் விட்டது.

*

பெண் விலங்கின் சூலகத்தை எடுப்பது புதிய விடயம் அல்ல. பெண் பன்றிகளுக்கும், போருக்குக் கொண்டுபோகும் பெண் ஒட்டகங்களுக்கும் அது செய்யப்பட்டதை அரிஸ்டோட்டிலின் விலங்கு நூல் சொல்கிறது. ஆணுக்கு நலமடிப்பது வெளியே தொங்குகிற உறுப்பில் செய்கிற வேலை. எங்கள் ஊரில் நாம்பன் மாட்டுக்குச் செய்வதை நான் சிறுவயதில் மறைந்திருந்து பார்த்திருக்கிறேன். பெண்ணுக்கு வயிற்றுக்குள் போகவேண்டும். குதிரையின் வயிற்றுச் சவ்வோ கிருமி தொற்றினால் தாங்காதது. ஆகவே பெட்டைக்குதிரையை நெடுங்காலம் கத்தி தொடவில்லை. 19ஆம் நூற்றாண்டில்தான் அது மாறியது.

1850களில் பிரான்சின் றைம்ஸ் நகரத்து விலங்கு மருத்துவர் சார்லியே, பசுவின் விலாவைக் கிழிக்காமல் பிறப்புவழியாகக் கையை விட்டுச் சூலகத்தை எடுக்கும் முறையைப் பரப்பினார். பசு நீண்டகாலம் பால் தரவேண்டும் என்பது நோக்கம். அதே காலத்தில் பாரிஸ் அறுவை மருத்துவர் சஸ்ஸெஞ்ஞாக், மனிதர்களுக்கென்று ஒரு கருவி செய்திருந்தார். சங்கிலி ஒன்றை வளையமாகப் போட்டு, கண்ணி கண்ணியாக இறுக்கி, இரத்தக் குழாய்களை நசுக்கியே அறுக்கும் கருவி. அது மனித மருத்துவமனையிலிருந்து லாயத்துக்கு வந்து பெட்டைக்குதிரையின் சூலகத்துக்கு உரிய கருவியாகிவிட்டது. லிஸ்டரின் கிருமிநீக்க முறை 1867இல் வெளியான பிறகு துணிவும் கூடியது.

யாருக்கு இது தேவைப்பட்டது? யூலாந்தையே எடுத்துக்கொள்ளலாம். 1864 போரில் டென்மார்க் தெற்கே பெருநிலத்தை இழந்தது. இரண்டு வருடம் கழித்து, 1866இல், டால்காஸ் என்பவர் முன்னின்று யூலாந்தின் பற்றைத் தரிசுகளை விளைநிலமாக்க ஒரு சங்கம் தொடங்கினார். கிரின்ஸ்டெட்டைச் சுற்றியிருந்ததும் ஊதாப் பூப் பற்றை படர்ந்த மணல் தரிசுதான். அதை உழுது புரட்டியது எருதும் குதிரையும். சிறு விவசாயியிடம் இருந்த ஒன்றிரண்டு குதிரையில் பெட்டையும் இருக்கும். அது ஏர் இழுக்கவும் வேண்டும், குட்டி போடவும் வேண்டும். அது உதைத்தால் கலப்பை நிற்கும். அப்படிப்பட்ட குடும்பத்துக்குக் குதிரையின் கோபம் ஒரு பொருளாதார நட்டம். இதை மறந்துவிட்டு அந்தக் காலத்தவர்களைக் கொடியவர்கள் என்று சொல்வது சுலபம், சரியல்ல.

அறிவும் இங்கே குறைவாக இருக்கவில்லை. பிரான்சின் லியோனில் உலகின் முதல் விலங்கு மருத்துவப் பள்ளியில் படித்துத் திரும்பிய ஆபில்கோர், 1773இலேயே கோப்பன்ஹேகனில் அத்தகைய பள்ளியை நிறுவிவிட்டார். ஆனால் அந்த நூற்றாண்டின் மருத்துவத்துக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஆண்குதிரை கடித்தால் வளர்ப்பையும் பழக்கத்தையும் வேலையையும் பார்த்தார்கள். பெட்டை கடித்தால் அதற்கு ஆண் வேட்கை மிஞ்சிவிட்டது என்று நோய்ப்பெயர் வைத்தார்கள். 1903இல் பிரெடரிக் ஹொப்டே வெளியிட்ட அறுவைச் சிகிச்சை நூலின் தலைப்பிலேயே ‘தொல்லை தரும் பெட்டைக்குதிரைகள்’ என்ற சொற்கள் இருக்கின்றன. ஹொப்டே இரக்கமற்றவர் அல்ல. விலங்குகளுக்கு மயக்கமருந்து கொடுத்து அறுக்கவேண்டும் என்று வாதாடிய முன்னோடி. ஆனாலும் ‘தொல்லை’ என்ற சொல் யாருக்குத் தொல்லை என்பதைச் சொல்லிவிடுகிறது. குதிரைக்கு என்ன தொல்லை என்ற கேள்வி அந்தத் தலைப்பில் இல்லை.

*

இனி நான் எழுதப்போவதை வாசித்து, பெண்ணையும் குதிரையையும் ஒப்பிடுகிறேன் என்று யாரும் கோபிக்க வேண்டாம். ஒப்பிட்டவர்கள் அந்த மருத்துவர்கள்.

1872ஆம் ஆண்டு கோடையில், சில கிழமைகள் இடைவெளியில், மூன்று நாடுகளில் மூன்று பேர் பெண்களின் சூலகங்களை எடுத்தார்கள்: ஜேர்மனியில் ஹேகார், இங்கிலாந்தில் லோசன் டெய்ட், அமெரிக்காவின் ஜோர்ஜியாவில் ரொபர்ட் பட்டே. சூலகக் கட்டிகளை எடுப்பது அதற்கு முன்பே நடந்தது. பட்டே செய்ததில் புதியது, கட்டி இல்லாத சூலகங்களையும் எடுத்தது. மாதவிடாயோடு வரும் கடும் வலி, வலிப்பு, மனக்குழப்பம் எல்லாவற்றுக்கும் வேர் அங்கே இருக்கிறது என்று அவர் கருதினார். ‘பட்டே சிகிச்சை’ என்ற பெயரில் அது பரவியது. அழுதவர்கள், கத்தியவர்கள், கணவனோடு ஒத்துப்போகாதவர்கள், மனநோய் விடுதிகளில் அடைபட்டவர்கள் என்று மேசைக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் பட்டியல் நீண்டது. அந்தக் காலத்து மருத்துவ எழுத்தில் விலங்குக்குப் பயன்படுத்திய அதே சொல்லே பெண்களுக்கும் பயன்பட்டது.

எதிர்ப்பும் உள்ளிருந்தே வந்தது. சூலகக் கட்டிகளை எடுப்பதில் புகழ்பெற்றிருந்த ஸ்பென்சர் வெல்ஸ், 1886இல், மனநோய்க்கும் நரம்புநோய்க்கும் இந்தச் சிகிச்சையைச் செய்வதைக் கண்டித்து எழுதினார். கத்தியை நன்றாகப் பிடிக்கத் தெரிந்தவரே கத்தியைக் கீழே வைக்கச் சொன்னார். நூற்றாண்டு முடியும்போது பட்டேயின் முறை மதிப்பிழந்துவிட்டது. அது நோயைத் தீர்க்கவில்லை என்பதே காரணம். சூலகம் போன பிறகும் பெண்கள் அழுதார்கள். அவர்கள் எதற்காக அழுதார்கள் என்று அப்போதாவது கேட்கப்பட்டதா என்பது வேறு கதை.

*

நான் 1989இல் டென்மார்க்குக்கு வந்தேன். அதற்கு முன் என் கணவர் இங்கே இருந்தார், நான் அங்கே இருந்தேன். 1987இல் நீதி அமைச்சர் எரிக் நின் ஹான்சன், தமிழ் அகதிகள் மனைவி பிள்ளைகளைக் கூப்பிடுகிற விண்ணப்பங்களைக் கிடப்பில் போடச் செய்தார். அந்தக் கோப்புகளில் ஒன்று என்னுடையது. பின்னாளில் ‘தமிழர் வழக்கு’ என்று பெயர்பெற்று 1993 ஜனவரியில் ஓர் அரசாங்கத்தையே கவிழ்த்த விடயம் அது. கோப்பில் எழுதப்பட்ட ஒரு வாழ்க்கை எப்படி இருக்கும் என்பது அதனால் எனக்குக் கொஞ்சம் தெரியும். அதில் மற்றவர்கள் எங்களைப்பற்றி எழுதியது இருக்கும். எங்கள் குரல் இருக்காது.

கிரின்ஸ்டெட்டிலிருந்து கோப்பன்ஹேகனுக்குப் போகிறவர்கள் ஸ்டோரபெல்ட் கடலைக் கடக்கவேண்டும். 1997இல் ரெயினுக்கும் 1998இல் வாகனங்களுக்கும் அந்தக் கடற்பாதை திறந்தது. நடுக்கடலில் பாதை ஒரு சின்னத் தீவில் கால் ஊன்றி நிற்கிறது. ஒரு வெளிச்சவீடு, புல், சில வெள்ளைக் கட்டடங்கள். ஸ்ப்ரோவோ என்று பெயர். கலியாணவீடு, சாமத்தியவீடு என்று எத்தனை தடவை அதைக் கடந்திருப்போம்! பிள்ளைகளுக்கு இடியப்பப் பெட்டியைத் திறந்து கொடுக்கிற இடம் அது.

1923 முதல் 1961 வரை அந்தத் தீவு பெண்களை அடைத்துவைத்த இடம். கிறிஸ்டியன் கெல்லர் என்ற மருத்துவரின் நிறுவனங்கள் நடத்திய விடுதி. தலைமையகம் எங்களுக்குக் கிட்ட, வைலேக்குத் தெற்கே ப்ரைனிங்கில் இருந்தது. ஏறக்குறைய 500 பெண்கள் அந்தத் தீவில் காலம் கழித்தார்கள். ‘ஒழுக்கத்தில் மூளை வளர்ச்சி குன்றியவர்கள்’ என்பது அவர்களுக்குக் கொடுத்த நோய்ப்பெயர். கோப்புகளைத் தள்ளிவைத்துப் பார்த்தால், ஏழைப் பெண்கள், கலியாணம் ஆகாமல் பிள்ளை பெற்றவர்கள், வீட்டுவேலையிலிருந்து ஓடியவர்கள், சொல்வழி கேளாதவர்கள். எங்கள் ஊர்ப் பேச்சில் சொன்னால், குணம் கெட்ட பெட்டையள்.

1929இல் டென்மார்க் கருத்தடை அறுவைச் சிகிச்சைக்குச் சட்டம் இயற்றியது. தேசிய அளவில் அப்படிச் சட்டம் செய்த முதல் ஐரோப்பிய நாடு இதுதான். 1934இல் அது இறுக்கப்பட்டது. 1967வரை ஏறக்குறைய 11,000 பேருக்கு அது செய்யப்பட்டது, பெரும்பான்மை பெண்கள். எல்லாரும் வற்புறுத்தப்பட்டவர்கள் அல்லர். ஆனால் ஸ்ப்ரோவோவில் இருந்தவர்களில் பலருக்கு, அறுவைக்குச் சம்மதித்தால்தான் தீவைவிட்டு வெளியேறலாம் என்ற நிலை. அப்படிப் பெறப்பட்ட கையெழுத்தைச் சம்மதம் என்று எப்படிச் சொல்வது?

ஒரு வேறுபாட்டை நேர்மையாகச் சொல்லவேண்டும். இந்தப் பெண்களுக்குப் பொதுவாகச் செய்தது கருக்குழாயை அடைக்கிற சிகிச்சை. குதிரைக்குச் செய்வதுபோல் சூலகத்தை எடுப்பது அல்ல. நோக்கமும் பிள்ளை பிறக்காமல் தடுப்பது. ஆனால் இரண்டுக்கும் அடியில் ஒரே வசனம் கிடக்கிறது: இவளுடைய நடத்தை எங்களுக்குப் பிரச்சினை, அதற்கு மருந்து இவளுடைய அடிவயிற்றில் இருக்கிறது.

பராமரிப்பு நிறுவனங்களில் 1933 முதல் 1980 வரை கொடுமைக்குள்ளானவர்களிடம் 2023 செப்டெம்பரில் டெனிஷ் அரசு ஹோர்சென்ஸ் நகரில் மன்னிப்புக் கேட்டது. அந்தச் செய்தியை நானும் பார்த்திருப்பேன். நான் கடந்துபோகும் தீவோடு அதைச் சேர்த்துப் பார்க்கவில்லை.

*

குதிரைக்குத் திரும்புவோம். சூலகம் போன பிறகும் அது ஏன் அப்படியே இருந்தது?

இதற்கான விடை 20ஆம் நூற்றாண்டில் மெதுவாக வந்தது. 1923இல் அமெரிக்காவில் அலனும் டொய்சியும் சூலகத்தின் ஓமோனைப் பிரித்துக் காட்டினார்கள். 1930இல் சொண்டெக், சினையான பெட்டைக்குதிரையின் சிறுநீரில் அந்த வகை ஓமோன் பெருமளவு இருப்பதைக் கண்டார். அதிலிருந்து செய்த மாத்திரை 1942இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. மாதவிடாய் நின்ற பெண்களுக்குப் பல பத்தாண்டுகள் கொடுக்கப்பட்டது. தொல்லை தருகிறது என்று குதிரையிடமிருந்து பறித்த அதே பொருளை, குதிரையிடமிருந்தே எடுத்துப் பெண்ணுக்கு ஆறுதலாகக் கொடுத்தார்கள்.

எல்லா விலங்கும் ஒன்றல்ல. நாய்க்கும் பூனைக்கும் சூலகத்தை எடுத்தால் வேட்கைப் பருவம் நின்றுவிடும். குதிரை அப்படி இல்லை. 1980இல் செரில் ஆசாவும் கின்தரும் மற்றவர்களும், சூலகம் எடுத்த மட்டக்குதிரைகளை ஆண்குதிரைக்கு அருகில் விட்டுப் பார்த்தார்கள். அவை வாலைத் தூக்கின, கால் அகட்டி நின்றன, ஆணை ஏற்றன. சூலகம் இல்லாதபோதும், சிறுநீரகத்தின் மேலிருக்கும் அதிரீனல் சுரப்பி விடுகிற சிறிதளவு ஓமோன் இதற்குப் போதுமாக இருந்தது. அந்தச் சுரப்பியை மருந்தால் அடக்கியபோது அந்த நடத்தையும் அடங்கியது. காரணம் எளிது. பெட்டைக்குதிரையின் வேட்கையை நிறுத்துவது, முட்டை வெளியான பிறகு சூலகம் சுரக்கிற புரோஜெஸ்தரோன். சூலகத்தை எடுத்தால் அந்தத் தடையும் போய்விடுகிறது. அதனால் சில குதிரைகள் ஒழுங்கில்லாமல், எந்த மாதத்திலும், வேட்கை காட்டும்.

இனவிருத்திப் பண்ணைகளுக்கு இது நன்றாகத் தெரியும். ஆண்குதிரையிடம் விந்து எடுக்கும்போது அமைதியாக நிற்பதற்கென்றே சூலகம் எடுத்த பெட்டைகளை வைத்திருக்கிறார்கள். ஓரிடத்தில் வேட்கையை ஒழிப்பதற்குச் செய்கிற சிகிச்சையை, இன்னோரிடத்தில் எந்நாளும் ஆணை ஏற்று நிற்பதற்குச் செய்கிறார்கள்.

அறுவைச் சிகிச்சையே பிழை என்று சொல்லவரவில்லை. சூலகத்தில் ஒருவகைக் கட்டி வரும். அது ஆண் ஓமோனையும் சுரக்கலாம். பெட்டை ஆண்குதிரைபோல் மற்றப் பெட்டைகள்மேல் ஏறும், சண்டைக்குப் போகும். ஒரு சூலகம் பருத்திருக்க மற்றது சுருங்கியிருப்பது ஸ்கானில் தெரியும். இரத்தப் பரிசோதனையும் காட்டும். கட்டியை எடுத்தால் சில மாதங்களில் குதிரை பழைய நிலைக்கு வரும். முட்டை வெளியாகும் நாட்களில் சூலகமே வலிக்கிற குதிரைகளும் உண்டு. இந்த இடங்களில் கத்தி சரியான விடை. இன்று அது விலாவில் சிறு துளையிட்டு, மயக்கமருந்தோடு குதிரை நின்றபடியே, கமெராவின் துணையோடு செய்யப்படுகிறது. சங்கிலியின் காலம் அல்ல இது.

ஆனால் கட்டி இல்லாத, சாதாரணச் சூலகத்தை நடத்தைக்காக எடுக்கும்போது நாங்கள் ஓர் ஊகத்தின்மேல் அறுக்கிறோம். அதற்குமுன் கொடுத்துப் பார்க்கிற ஓமோன் மருந்தும் ஏமாற்றலாம். அது பருவத்தை மட்டும் அடக்குவதில்லை. குதிரையைப் பொதுவாகவே சற்றுச் சாந்தப்படுத்தும். எங்கள் கதையிலும் அப்படித்தான் நடந்திருக்கவேண்டும்.

*

நான் பிறந்தது நெடுந்தீவில். போர்த்துக்கேயர் கொண்டுவந்து, ஒல்லாந்தர் பண்ணையாக வளர்த்து, ஆங்கிலேயர் காலத்தில் நோலன் என்ற இராணுவ அதிகாரி நிர்வகித்து, பிறகு கைவிடப்பட்ட மட்டக்குதிரைகள் அங்கே இன்றும் திரிகின்றன. 2015இல் தீவின் ஒரு பகுதியைத் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். முருகைக்கல் வேலிகளுக்கும் பனைகளுக்கும் நடுவே அவை கூட்டமாகத் தண்ணீர் தேடி வரும். நாங்கள் கல்வேலியில் ஏறியிருந்து பார்ப்போம். எந்தக் கிணற்றுக்குப் போவதென்று முன்னால் நடப்பது பெரும்பாலும் வயதான ஒரு பெட்டை. ஆண்குதிரை கிட்ட வரும்; அதற்கு விருப்பமில்லாத நாளென்றால் காதை மடித்து ஓர் உதை விடும். அது விலகிப்போகும். அதைப் பார்த்து அந்தக் குதிரைக்கு நோய் என்று தீவில் ஒருவரும் சொன்னதில்லை. அதன்மேல் ஏறவேண்டிய தேவை ஒருவருக்கும் இருக்கவில்லை.

நெடுந்தீவில் ஆண்டு முழுவதும் பகல் ஏறக்குறைய ஒரே நீளம். கிரின்ஸ்டெட்டில் டிசெம்பர் பகல் ஏழு மணித்தியாலம், ஜூன் பகல் பதினேழரை. பகல் நீளும்போதுதான் பெட்டைக்குதிரையின் சூலகம் விழித்துக்கொள்கிறது. வசந்தத்தில் ஒழுங்கில்லாமல் தொடங்கி, பிறகு மூன்று கிழமைக்கு ஒருமுறை சில நாள் வேட்கை. அதனால் வடக்கு நாடுகளில் ‘வசந்தத்தில் பெட்டைக்குப் பைத்தியம்’ என்ற நினைப்புச் சுலபமாக வேரூன்றியது. அதே வசந்தத்தில்தான் புதுப்புல்லும், ஓடாமல் கிடந்த உடம்பில் திடீரென்று ஏற்றுகிற வேலையும், குளிர்காலத்தில் உடல்வாகு மாறிய குதிரைக்குப் பொருந்தாத சேணமும் சேர்ந்து வருகின்றன. எல்லாப் பழியும் சூலகத்துக்குப் போனது.

எங்கள் மொழியிலும் இந்தப் பழி உண்டு. ஊழிக்காலத்தில் உலகை எரிக்கக் கடலுக்கடியில் காத்திருக்கிற நெருப்பை வடவைத்தீ என்கிறோம். வடவை என்றால் பெண்குதிரை. மகாபாரதக் கதையில் அந்த நெருப்பு ஔர்வ முனிவருடைய கோபம். தன் குலத்தைக் கொன்றவர்கள்மேல் எழுந்த கோபத்தை, முன்னோர் கேட்டுக்கொண்டதால் கடலில் விட்டார். அது குதிரைத் தலையாகி நீரைக் குடித்துக்கொண்டிருக்கிறது. கோபம் ஓர் ஆணுடையது. அதற்கு நியாயமான காரணமும் இருந்தது. ஆனால் பெயர் பெட்டைக்குதிரைக்குப் போய்விட்டது. காரணம் மறைந்து முகம் மட்டும் மிஞ்சிவிட்டது.

*

நான் இருபது வருடத்துக்கு மேல் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை செய்தவள். டிமென்ஷியா வந்து பேச்சிழந்த ஒருவர் குளிக்கவார்க்கும்போது அடித்தால், அவரைக் கோபக்காரர் என்று குறிப்பேட்டில் எழுதக்கூடாது என்பதே எங்களுக்குச் சொல்லித்தந்த முதல் பாடம். பல்லைப் பார், காலைப் பார், சிறுநீரில் கிருமி இருக்கிறதா பார், எந்த நேரத்தில் அடிக்கிறார் என்று எழுது. மகளிடம் ஒரு கொப்பியைக் கொடுத்து இதையே செய்யச் சொன்னேன்.

அவள் இரண்டு பட்டியல் போட்டாள். வாலைத் தூக்குவது, அடிக்கடி சிறுநீர் விடுவது, வேலியோரம் நிற்கும் நலமடித்த குதிரையிடம் போய்ச் சாய்வது ஒரு பக்கம். காதை மடிப்பது, கடிக்க வருவது, வாலைச் சுழற்றுவது, நடக்க மறுப்பது மறுபக்கம். ஆறு கிழமை எழுதினாள். முதல் பட்டியலுக்கு ஒழுங்கில்லை. அது யாருக்கும் கெடுதல் செய்யவுமில்லை. இரண்டாம் பட்டியலுக்கு நல்ல ஒழுங்கு இருந்தது: சேணம் வைக்கும்போது, பட்டி இறுக்கும்போது, வலப்பக்கம் வளையும்போது, தானியத் தீனி வைத்த பிறகு. நூறு வருடமாக இந்த இரண்டையும் ஒரே நோயாக எழுதியிருக்கிறார்கள்.

கொப்பியை உரிமையாளரிடம் காட்டினோம். அவர் அதைக் கோபிக்காமல் வாங்கியதை நான் மறக்கமாட்டேன். சூ டைசன் என்ற ஆங்கிலேய விலங்கு மருத்துவர் 2018இல் வெளியிட்ட 24 அறிகுறிகளின் பட்டியல் ஒன்று இருக்கிறது. ஏறி ஓட்டும்போது அதில் எட்டோ அதற்கு மேலோ தெரிந்தால் எலும்பிலோ தசையிலோ வலி இருக்கக்கூடும் என்று கொள்ளவேண்டும். அந்த அளவுகோலோடு வந்து பார்த்த மருத்துவர் பத்து எண்ணினார். சேணம் தோள்மேட்டில் நெருக்கியது. இரவு பட்டினி போட்டுக் கமெரா விட்டுப் பார்த்தபோது இரைப்பையின் கீழ்ப்பகுதியில் புண். அறுவைச் சிகிச்சையால் வந்ததல்ல அது. அதற்கு முன்பிருந்தே இருந்திருக்கலாம். சூலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால் யாரும் வயிற்றைப் பார்க்கவில்லை.

அதன்பின் செய்தவை பெரிய வித்தைகள் அல்ல. புண்ணுக்கு மருந்து. தானியத்தைக் குறைத்து, நாள் முழுவதும் மெல்ல வைக்கோலும் புல்லும். தனி அறையில் அடைக்காமல், தெரிந்த இரண்டு குதிரைகளோடு வெளியே விடுவது. அளவெடுத்துப் பொருத்திய சேணம். இரண்டு மாதம் யாரும் ஏறாமல் கையில் பிடித்து நடத்துவது. பட்டியை ஒரேயடியாக இறுக்காமல் ஒவ்வொரு துளையாக இறுக்கி, இடையில் நின்று, காதைப் பார்த்து, மறுபடி இறுக்குவது. வலி போனாலும் வலியின் நினைவு உடனே போகாது. கடித்தால்தான் விடுவார்கள் என்று கற்றுக்கொண்ட குதிரை, கடிக்காமலும் விடுவார்கள் என்று புதிதாகக் கற்கவேண்டும். அதற்குக் காலம் எடுக்கும்.

சூலகத்தை எடுத்தது வீணா என்று உரிமையாளர் ஒருநாள் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அந்தச் செலவும் வலியும் திரும்பி வராது. ஆனால் ஒன்று நடந்திருக்கிறது. நூறு வருடத்துக்கு மேலாக முதல் குற்றவாளியாக நிறுத்திவைத்திருந்த சந்தேகநபர் இப்போது இல்லை. அதன்பிறகும் மிஞ்சி நின்றதுதான் குதிரை முதலிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தது. பட்டேயின் மேசையிலிருந்து எழுந்து மறுபடி அழுத பெண்களும் அதைத்தான் சொன்னார்கள். கேட்பதற்கு ஆள் இருக்கவில்லை.

ஓகஸ்ட் முடியும்போது குதிரை லாயத்திலேயே இருந்தது. பட்டி இறுக்கும்போது இப்போதும் ஒரு காது பின்னால் போகும். பல் வெளியே வருவதில்லை. வெயில் நாட்களில் வேலியோரம் போய் அந்த நலமடித்த குதிரைக்கு முன் வாலைத் தூக்கிக்கொண்டு நிற்கும். சூலகமே இல்லாத பெட்டைக்கு இது என்ன குணம் என்று லாயத்தில் சிரிக்கிறார்கள்.

சென்ற மாதம் கோப்பன்ஹேகனுக்கு ஒரு கலியாணவீட்டுக்குப் போனோம். ஸ்ப்ரோவோ வந்ததும் மகள் காதிலிருந்ததைக் கழற்றிவிட்டு யன்னலால் பார்த்தாள். அந்த வெள்ளைக் கட்டடங்கள் என்னவென்று கேட்டாள். இந்தத் தடவை நான் இடியப்பப் பெட்டியைத் திறக்காமல், தெரிந்ததைச் சொன்னேன். தீவு பின்னால் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அவையிட்ட ஒருத்தரும் கேக்கேல்லையா அம்மா, எங்க நோகுதெண்டு?” என்றாள்.